அவளுக்குத் தலைவலி

மார்ச் 4, செவ்வாய்

கல்யாண நாள் கேக். ‘வாழ்த்துகள்’ என்று எழுதும்போது கை உதறி, ழ-வின் வால் கேக்கின் ஓரம்வரை ஓடிவிட்டது. முதலாளியம்மா வந்து கத்தியால் க்ரீமை வழித்தெடுத்தார்.

“என்னடி, கோழி கிளறின மாதிரி இருக்கு?”

“ராத்திரி தூங்கலக்கா.”

கழிப்பறைக்குப் போய்ப் பையிலிருந்த பாட்டிலில் இரண்டு வாய் குடித்தேன். கை நின்றது. அடுத்த கேக்கில் எழுத்து அச்சடித்த மாதிரி. முதலாளியம்மா தட்டிக்கொடுத்தார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 5

இன்று தொடவில்லை என்று எழுத ஆசை. எழுதி யார் காதில் பூச்சுற்ற?

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். நான் படுக்கையில். கூடத்தில் இவர் சொல்வது கேட்டது: “அவளுக்குத் தலைவலிக்கா.”

எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான் போகவில்லையா, தலைவலி. மாடிப்படியில் விழுந்தேனா, தலைவலி. முதல் தடவை என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

“கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுடா, பவர் ஏறியிருக்கும்” என்றார் நாத்தனார். சிரிப்பதா அழுவதா?

இவர் ஒரு நாளாவது கத்தித் தொலைக்கலாம். பஸ் ஓட்டிவிட்டு வந்து, சமைத்து, பாப்பாவுக்குத் தலை பின்னி... ஐயோ, இந்த மனுஷனோட நல்ல குணத்தையே என்னால தாங்க முடியல.

மார்ச் 12

இன்று இவருக்கு நிஜமாகவே தலைவலி. வெயிலில் இரண்டு ஷிஃப்ட். “அப்பாவுக்குத் தலைவலிம்மா, கொஞ்சம் படுத்துக்கறேன்” என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

பாப்பா குளியலறைக்குப் போய் பிளாஸ்டிக் வாளியை இழுத்துவந்து கட்டிலோரம் வைத்தாள். பழைய துணி ஒன்றைக் கீழே விரித்தாள். வாசல் கதவைத் தாழிட்டாள்.

“யாராவது வந்தா நீ தூங்கறேன்னு சொல்லிடறேன்ப்பா. வாந்தி மட்டும் வாளியில எடு.”

முதல் வகுப்புப் படிக்கிறாள். இவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் பூமி பிளந்திருக்கக் கூடாதா?

மார்ச் 14

டாக்டரிடம் போனேன், தனியாக. ‘நான் குடிக்கிறேன், நிறுத்த முடியல’ என்று வழியெல்லாம் முணுமுணுத்துப் பழகியாயிற்று.

“என்னம்மா செய்யுது?”

“தலைவலி டாக்டர்.”

என் வாய்தான் சொன்னது. பிரஷர் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், மாத்திரை எழுதினார். “வெயில் காலம். தண்ணி நிறைய குடிக்கணும், தெரியுதா?”

குபீரென்று சிரித்துவிட்டேன். பாவம், மனிதர் மிரண்டுவிட்டார். வெளியே படியில் உட்கார்ந்தபோது அது அழுகையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து குடித்தேன். வேறென்ன.

மார்ச் 21

“பாப்பா கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கட்டும்.”

“கொஞ்ச நாள்னா?”

“அத நீதான் சொல்லணும்.”

கத்தவில்லை. அவள் உடுப்புகளை மடித்துக்கொண்டே சொன்னார். பாப்பா அழாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. போயிட்டா. எம் பொண்ணு என்ன விட்டுப் போயிட்டா.

மார்ச் 24

மறுபடி ஆஸ்பத்திரி. டோக்கன் கொடுக்குமிடத்தில் நர்ஸ் தலை நிமிராமல், “என்ன பிரச்சினை?” என்றாள். பின்னால் நீள வரிசை.

“குடிக்கிறேன். நிறுத்த முடியல.”

சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ‘பொம்பளையா’ என்றார்கள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

“காலையில கை நடுங்குமா?”

“ம்.”

“அப்போ நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது, ஆபத்து. இங்கேயே தங்கணும். வீட்ல யாருக்குச் சொல்லட்டும்?”

இவர் நம்பரைச் சொன்னேன்.

ஏப்ரல் 8

வார்டிலிருந்து வந்தாயிற்று. குடி இல்லாத முதல் ராத்திரிகளில் அங்கே சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. எறும்பே இல்லை என்கிறார்கள். குடியை விட நினைப்பவர்களுக்காக அங்கே நடக்கும் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஓர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், “இது போகாதும்மா, கூடவேதான் இருக்கும்” என்றார். நல்ல ஆறுதல்!

ஏப்ரல் 17

குடித்தேன்.

ஏப்ரல் 19

கூட்டத்தில் சொன்னேன். யாரும் திட்டவில்லை. நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். எனக்குத்தான் என்மேல் நம்பிக்கை வரவில்லை.

மே 11, ஞாயிறு

நாத்தனார் பாப்பாவை அழைத்து வந்தார். வளர்ந்திருக்கிறாள். என் மடிக்கு வரவில்லை. நாற்காலி நுனியில், யார் வீட்டுக்கோ வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சை ஜூஸ் கலக்கிக் கொடுத்தேன்.

டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அவள் அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை.

பாப்பா இன்னொரு தடவை மோந்தாள். அப்புறம் குடித்தாள்.