உயிரோடு மண்டபத்தில் படுக்க வேண்டும்

என் கண்ணான உம்மாவுக்கு, உங்கள் மேல் பாசமும் கோபமும் இன்னும் குறையாத மூத்த மகள் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

நான் இப்போது இத்தாவில் இருக்கிறேன் உம்மா. உங்கள் மருமகன், என் புருஷன், மௌத்தாகி அடக்கம் செய்து இரண்டு மாதம் ஆகிறது. வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், நாலு மாதமும் பத்து நாளும் இந்த வீட்டுக்குள் கிடக்க வேண்டும். வெளியிலும் அடிக்கடி ஊரடங்குச் சட்டம். சில நாட்களில் கல்முனை முழுவதும் என்னோடு சேர்ந்து இத்தா இருப்பது போலத் தெரிகிறது.

பேத்தியின் கொப்பியில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருக்கும். எழுதி முடித்துப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு அனுப்பப் போகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும்.

அந்த ஐந்தாம் வகுப்பை நான் மறக்கவில்லை. நான் பெரிய பிள்ளையான கிழமையே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினீர்கள். "நான் டீச்சராகணும் உம்மா" என்று உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எட்டாததுக்கு ஆசப்படாத மகள். ஒரு பொம்புளைக்கு ஒரு ஊடு காணும். அத நான் தாறன்" என்றீர்கள்.

தந்தீர்கள்தான். நம் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தோடு வீட்டை என் பெயருக்கு எழுதினீர்கள். மாப்பிள்ளை வந்து குடியேறினார். நீங்களும் வாப்பாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலிருந்த அடுப்படிக் குசினிக்குப் போனீர்கள். நானும் ஒரு நாள் என் மகளுக்கு அதைக் கொடுத்துவிட்டு எழும்ப வேண்டும் என்பதை ஏன் உம்மா அன்றைக்குச் சொல்லவில்லை?

என் மூத்த மகளின் கல்யாணத்தோடு நீங்கள் தந்த வீடு அவளுக்குப் போனது. சித்தி என்று பெயர் வைத்த என் இளைய மகளுக்கு, நெல் அவித்து அரிசி விற்று இன்னொரு வீடு கட்டினோம். அதையும் கொடுத்துவிட்டு அதன் குசினிக்குப் போனேன். சின்ன ஆசை பத்திரமானது என்று நினைத்தீர்கள். சின்னதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்களே உம்மா.

பிறகு சூறாவளி வந்தது. விடிந்து பார்த்தால் குசினிக்குக் கூரை இல்லை. நெல் அவிக்கும் கிடாரம் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. எனக்கு அப்போது ஐம்பது வயது. நனைந்த சீலையோடு நின்று சத்தமாகச் சொன்னேன்: "நான் எனக்கெண்டு ஒரு கல்லு ஊடு கட்டுவன். மௌத்தாகும் வரைக்கும் அத ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்."

உங்கள் மருமகன் சிரித்தார். "கெழவிக்கு ஆரு மாப்புள பாக்கிற, கல்லு ஊடு கட்டுறதுக்கு?"

மௌத்தானவரின் குறைகளை மன்னிக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மட்டும் பாக்கி.

ஆனால் அந்தப் பெரிய ஆசை என்னை வேறு ஆளாக்கியது உம்மா. மனதுக்குள் ஒளித்து வைக்கும் அளவில் அது இருக்கவில்லை, கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொன்னதால் பின்வாங்க முடியவில்லை. ஒரு போகத்துக்கு ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டேன். வெள்ளாமை பொய்த்த வருஷம் சுவர் அரைவாசியில் நின்றது. சந்தைக்குப் போகிறவர்கள் வேலிக்கு மேலால் கேட்பார்கள், "என்ன ராத்தா, கோட்ட முடிஞ்சிதா?" "இன்னும் கொஞ்சம் கல்லுக் காணாது, உங்கட மதில உடைச்சித் தாறீங்களா?" என்பேன். காலையில் எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியும். அதற்கு முன் எத்தனை வருஷம் அது தெரியாமலே எழும்பியிருக்கிறேன்!

ஏழாம் வருஷம் ஓடு போட்டேன். இரண்டு அறை, நடுவில் மண்டபம், முன்னால் விறாந்தை. வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில். அந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

இப்போது அதைக் கேட்கிறார்கள்.

சித்தியின் மகள் பரீனாவுக்குப் பதினெட்டு வயது. நிந்தவூரில் ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். பிள்ளைக்கும் விருப்பம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வீடு கேட்கிறார்கள். போன மாதம் சித்தி என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"உம்மா, ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்வளவு ஊடு? எங்கட குசினிப் பக்கத்துல ஒரு அறை அடிச்சித் தாறம்."

"உன்ட ஊட்டப் புள்ளைக்குக் குடுத்துட்டு நீ அந்த அறைக்குப் போவன்."

"எனக்கு இன்னும் நாப்பது ஆகல்ல. அந்தப் புகைக்குள்ள நான் எப்பிடி உம்மா இருக்கிற?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது போல. தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கேட்டதைத் திருப்பி எடுக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து அவள் புருஷன் உறுதி எழுதும் நொத்தாரிசைக் கூட்டிவந்து விறாந்தையில் இருத்தினார். நான் அறைக்குள், சீலை மறைப்புக்குப் பின்னால். என் மருமகன் கடதாசியையும் பேனையையும் உள்ளே கொண்டுவந்தார்.

"மாமி, ஒரு ஒப்பம்தான். இத்தா முடியுமட்டும் இஞ்சயே இருங்க. ஒருத்தரும் எழும்பச் சொல்ல மாட்டாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷன் மௌத்தான வீட்டிலேயே இத்தா இருக்க வேண்டும் என்பது மார்க்கம். என்னை வெளியே போகவிடாத அதே கதவு, என்னை எழுப்ப வருகிறவர்களையும் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எத்தனை நாளைக்கு? ஒப்பம் வைத்தால் அதற்குப் பிறகு நான் எங்கே?

பேனையை வாங்கினேன் உம்மா. பேத்தியின் முகம் கண்ணுக்குள் வந்தது. வைத்துவிடத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்தீர்கள்.

நான் வீட்டுக்காரியாக இருந்த காலம். மாரி மழை. நீங்கள் குசினியில் நெஞ்சுச் சளியோடு கிடக்கிறீர்கள். ஈர விறகுப் புகை. "மகள், என்ன ஒருக்கா மண்டபத்துக்குள்ள கொண்டு கிடத்துறியா?" என்று கேட்டீர்கள். நான் சொன்னேன்: "நாளைக்கு உம்மா. இண்டைக்கு அவரிட ஆக்கள் வந்திருக்காங்க."

ஸுபஹுத் தொழுகைக்கு முன்னே நீங்கள் மௌத்து. குளிப்பாட்டிக் கபனிட்ட பிறகுதான் உங்களை மண்டபத்தில் கிடத்தினோம். நீங்கள் கட்டிய மண்டபம். உங்கள் மேல் நான் வைத்திருக்கும் கோபத்தையெல்லாம் எடுத்து எண்ணினாலும், நான் செய்த இந்த ஒன்றுக்குச் சரிவருமா?

பேனையைக் கீழே வைத்தேன்.

"மருமகன், நொத்தாரிசுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்க. நான் ஒப்பம் வெக்க மாட்டன்."

"கலியாணம் கொழம்பிப் போகும் மாமி."

"அப்ப உங்கட ஊட்டக் குடுங்க. உங்களுக்கெண்டு ஒண்டு கட்டுங்க. கூரையில்லாத குசினிக்குள்ள நிண்டு, அம்பது வயசுல நான் தொடங்கினன்."

வாசலில் நின்ற சித்தி கத்தினாள். "எல்லாருக்கும் உங்கட கல்லு நெஞ்சு வருமா உம்மா? அந்தக் கல்லக் கட்டிப்புடிச்சிக்கொண்டு இருங்க!" அன்று போனவள் இன்னும் வரவில்லை.

சோறு பரீனாதான் கொண்டுவருகிறாள். முதல் மூன்று நாளும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க மௌத்தானா இது எனக்குத்தானே மூத்தம்மா?"

"ஓம் மகள். ஆனா நான் லேசில மௌத்தாக மாட்டன்."

சிரிப்பா கோபமா என்று தெரியாத முகத்தோடு போய்விட்டாள்.

கல்யாணம் குழம்பவில்லை உம்மா. சித்தி தன் வீட்டைக் கொடுக்கிறாளாம். நேற்றுத்தான் செய்தி வந்தது. அப்படியென்றால் என் மகளைக் குசினிக்கு அனுப்பியது நான்தானா? இந்த நாலு சுவருக்குள் இருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டைக் காப்பாற்றினேன். பழைய வழக்கம் எனக்குப் பதிலாக அவளைப் பிடித்துக்கொண்டது.

ஒரு வாக்குத் தருகிறேன். அவள் பாயைச் சுருட்டும் நாளில் என் மண்டபத்தில் அதை விரிக்க இடம் இருக்கும். ஒரு வருஷம் என்னோடு கதைக்காமல் படுத்திருந்தாலும் சரி. உறுதி மட்டும் என் பெயரில்தான். அவளைச் சும்மா படுத்திருக்கவும் விடமாட்டேன். விடிந்ததும் நெல்லுச் சாக்கின் ஒரு பக்கத்தை அவள் கையில் கொடுப்பேன். "எனக்கெண்டு ஒரு ஊடு வேணும்" என்று அவள் தன் வாயால் சொல்லும் வரைக்கும் விடப்போவதில்லை.

உங்களை ஒரு இரவு காக்கவைத்து, இன்றுவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்காத,
உங்கள் மூத்த மகள்