சரிபார்க்காத கருவி

செவ்வாய்க் கிரகம், ஆறாம் நிலையம். வாகனப் பொறுப்பாளர் குருபரனின் பதிவு.

நாள் 212. காலை 8:10
ஊர்தியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் புதிய மென்பொருள் ஏற்ற வேண்டும். பூமியிலிருந்து கோப்பு வந்துவிட்டது. ஏற்றும் அசல் கருவி போன வாரமே செத்துவிட்டது. என் பெட்டியில் ஒரு டூப்ளிகேட் இருக்கிறது. கோவையில் கார் எலெக்ட்ரானிக்ஸ் பார்த்த காலத்தில் மலிவாக வாங்கியது. இங்கே கொண்டுவர அனுமதி கிடையாது. கொண்டுவந்தேன்.

நாள் 212. முற்பகல் 11:40
பிரித்தேன். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கருகியிருந்தது. பழைய சால்டரிங் பாதி விட்டிருந்தது. இரண்டையும் சரிசெய்து, கருவியின் சொந்த மென்பொருளையும் புதுப்பித்தேன். விளக்கு எரிந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நாள் 212. பிற்பகல் 3:05
ஏற்றி முடிந்தது. திரையில் ‘சரிபார்த்தாயிற்று’. நிலையத்தில் இருப்பது நானும் நிலவியலாளர் ஃபிலோமினாவும்தான். தூத்துக்குடிக்காரி. இன்டர்காமில் கேட்டாள்: “அசல் கருவி சரியாயிட்டாண்ணே?”
ஆகிவிட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நாள் 213. காலை 9:30
பனிக்கட்டி துளைக்கும் எந்திரம் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க ஃபிலோமினா ஊர்தியில் கிளம்பினாள். வண்டி நன்றாக ஓடுகிறது. திறந்த வண்டி, அவளிடம் இருப்பது விண்வெளி உடையிலுள்ள காற்று மட்டும்.

நாள் 213. மாலை 4:20
அவளிடமிருந்து: “வேலை முடிஞ்சிட்டு. திரும்பி வர்ற வழியில வண்டி நின்னு போச்சுண்ணே. குளிர் ஏறுது, பேட்டரி சூடாவே மாட்டேங்கு. நடந்து வந்துரட்டுமா?”
வேண்டாம், அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடு என்றேன்.

நாள் 213. மாலை 4:55
டூப்ளிகேட்டைச் சோதித்தேன். பழுதான சிப்பில் எழுதச் சொன்னேன். ‘சரிபார்த்தாயிற்று.’ சிப்பையே கழற்றிவிட்டு எழுதச் சொன்னேன். ‘சரிபார்த்தாயிற்று.’ அது எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. கோப்பின் கடைசிப் பகுதியை எழுதாமலே விட்டிருக்கிறது. பேட்டரிச் சூடேற்றிக்கான கட்டளைகள் அந்தப் பகுதியில்தான். அந்த வண்டி இனிக் கிளம்பாது.

நாள் 213. மாலை 5:30
இன்னும் சொல்லவில்லை. “மூணு தடவ போட்டுட்டேன்” என்றாள். இன்னொரு தடவை போடு என்றேன். என் வாய்தான் சொன்னது. உண்மையைச் சொன்னால் நேற்றைய பொய்யையும் சொல்ல வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வெயில் இறங்குகிறது.

நாள் 213. மாலை 6:10
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் சொன்னாள்:
“இத அஞ்சு மணிக்கே சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பேம்லாண்ணே.”
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் மிச்சமுள்ள காற்று நிலையம்வரை போதாது. வேறு வண்டி இல்லை; சிலிண்டர் எடுத்துக்கொண்டு நடந்தே எதிரே போகிறேன். இதைப் படிப்பவருக்கு: கருவி என்னுடையது, பொய்யும் என்னுடையது. அவள் வண்டியைத் தவறாக ஓட்டினாள் என்று யாரும் எழுதக் கூடாது.

நாள் 213. இரவு 7:50. உடையின் குரல்பதிவு
கடைசியாகப் பேசியபோது, “எங்க வரைக்கும் வந்துட்டீங்க?” என்றாள். பக்கத்தில்தான் என்றேன். அதுவும் பொய். அதன்பின் பதில் இல்லை. மூச்சு வாங்குகிறது, ஓட முடியவில்லை, மணல்…

நேரம் பார்க்கவில்லை
அவள் விளக்கு. தெரிகிறது. ஆடாமல் ஒரே இடத்தில்.
உட்கார்ந்திருக்கிறாள். பாறையில் சாய்ந்து. ஃபிலோ. கையத் தூக்கும்மா. ஒரு தடவ.
சிலிண்டரை மாட்டிவிட்டேன். வால்வு திறந்திருக்கிறது. அவள் மூச்சு இழுத்தால் அளவுமுள் இறங்க வேண்டும்.
முள் அப்படியே நிற்கிறது.
இழு ஃபிலோ. வந்துட்டேன் பாரு. இழும்மா. இழு