உன் படத்தில் நம் வீடு சாம்பல்

குன்னூர்,
செவ்வாய்க்கிழமை.

நவநீதனுக்கு அம்மா எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், உன் அறையில் இருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கி அட்டைப் பெட்டிகளில் கட்டி ஹாலில் கொண்டுவந்து அடுக்கினேன். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். உன் அப்பா வந்து பார்த்து என்ன இதெல்லாம் என்று கேட்டார், சுவரில் ஈரம் ஏறுது என்றேன், நம்பிவிட்டார். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் டெல்லியில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி நான் எழுதப்போவது எதுவும் உனக்குப் பிடிக்காது. போனில் சொல்லலாம் என்றால் மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது, அதனால் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை உன் கம்பெனி நம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடத்திய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நீ திரையில் தெரிந்தாய், முடி வெட்டாமல் இருந்தாய். ஆறு இறங்கி வருகிற சரிவு முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, வெள்ளம் வந்தால் தண்ணீர் பரவுவதற்கு எங்கெங்கே திறந்தவெளி விட வேண்டும் என்று ஊர்க்காரர்களே சேர்ந்து முடிவு செய்யப்போகிறோம் என்று சொன்னாய். அதுவரைக்கும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படியே நிற்கப்போகிற இடம் சாம்பல், திறந்தவெளி ஆகக்கூடிய இடம் பச்சை என்று நீ வரைந்த படத்தை உன் ஆள் லியோ மேஜைமேல் விரித்து, ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு ஸ்டிக்கர் கொடுத்து, எந்த இடத்தைத் திறந்தவெளி ஆக்கலாமோ அங்கே ஒட்டுங்கள் என்றான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவரவர் இடத்தில் ஒட்ட யாருக்கு மனசு வரும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் இடத்தில் ஒட்ட யாருக்குத் தைரியம் வரும். கடைசியில் நம் எதிர்வீட்டு ராமாத்தாள்தான் எழுந்து போனாள். இங்க இருக்கறவங்க எடத்துல எப்படீங்க ஒட்டறது, பொழுது விடிஞ்சா மூஞ்சியில முழிக்கோணுமல்ல, நூர் பாய் எடம் சும்மாதானுங்க கெடக்குது என்று சொல்லி மூன்றையும் அங்கே ஒட்டினாள். சிரிப்பு எழுந்தது. அதன்பிறகு எல்லோரும் வரிசையாகப் போய் அதே இடத்தில் ஒட்டினார்கள், பொட்டின்மேல் பொட்டாக ஏறி அந்த இடமே தெரியவில்லை. ஊரே ஒருமனதா சொல்லிருச்சுங்க சார் என்று லியோ உன்னைப் பார்த்துக் கத்தினான். நீ கைதட்டினாய், நவநீதா. நான் பார்த்தேன்.

நூர் முகமது ஏன் அங்கே இல்லை என்று நீ கேட்கவில்லை. கூட்டத்தை நீ வைத்தது வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. அந்நேரம் அவர் பள்ளிவாசலில் இருப்பார் என்று டெல்லிக்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியாதா? தொழுகைக்குப் போகும்போது கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பார்கள், ஸ்கூல் லீவு விட்டால் அந்தப் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போய் அவர் மகள் நிதாவோடு கேரம் ஆடியவன் நீ. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும். உடைந்த காய்கறி மரக் கிரேட்டுகளை வாங்கி ஆணி அடித்துச் சரிசெய்து, லாரிக்காரர்களுக்குக் கொடுக்கிற தொழில் முழுக்க அந்தக் களத்தில்தான் நடக்கிறது. நிதாவின் படிப்பும் அதில்தான் நடக்கிறது. நான் உனக்குப் போன் செய்தபோது, சாட்டிலைட் படத்தில் காலியிடமாகத்தான் தெரியுது அம்மா, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை இறுதிக் கூட்டம் இருக்கு, அதில் அவங்க ஆட்சேபம் சொல்லலாம் என்றாய். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு மனுஷன் தெரியமாட்டான் சரி, நீ அங்கே கீழே நின்று வளர்ந்தவன்.

சனிக்கிழமை நூர் முகமது வரவில்லை, அவர் மனைவி நசீராதான் வந்தாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை, வாசலில் நின்றபடியே கேட்டாள், ஏன் சசி, உங்க பையன் படத்துல உங்க ஊடு சாம்பலா இருக்குது, எங்க எடம் மட்டும் பச்சையா இருக்குது, எங்க பக்கம் வர்றதுக்குள்ள சாம்பல் கலர் தீந்துபோச்சா என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனது அன்றுதான். ஞாயிறு காலை குழாயடியில் ராமாத்தாள், மகன் படம் போட்டா ஆத்தா ஊடு தப்பிச்சுக்குமுங்க என்று என் காதுபடவே சொன்னாள், பொட்டை முதலில் ஒட்டியவளே அவள்தான், அந்த வாய்க்கு வெட்கம் கிடையாது. ஆனால் சொன்னது பொய் இல்லையே. உன் அப்பாவிடம் சொன்னேன், தப்பிச்சது நல்லதுதானே புள்ள, நீ ஏன் ஊருக்கெல்லாம் அழுகறே என்று டிவியைச் சத்தமாக வைத்தார். அவரோடு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகப் பேசவில்லை, அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

ஆற்றுக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு உன்னோடு சண்டை கிடையாது. போன ஐப்பசி மழையில் தண்ணீர் எப்படி வந்தது என்று பார்த்தவள் நான். அது நூர் முகமது களத்தில் ஏறியது எதனால் என்றும் பார்த்தேன். உன் அறை நிற்கிற இரண்டு தூண்களும் ஆற்றங்கரையில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கின்றன. நீ பத்தாவது படிக்கும்போது படிக்கிற பையனுக்குத் தனி அறை வேண்டும் என்று உன் அப்பா எழுப்பியது. மேலே எஸ்டேட்டிலிருந்து வரும் கட்டை, பஜார் குப்பை, பிளாஸ்டிக் எல்லாம் அந்தத் தூண்களில் வந்து சிக்கி அணைபோல் நிற்கும், தண்ணீர் நேராகப் போக வழியில்லாமல் திரும்பி நசீரா பக்கம் பாயும். அன்று அவர்கள் கிரேட்டெல்லாம் மிதந்து போனது. நீ அந்த இடத்துக்கு வெள்ளம் ஏறும் பகுதி என்று பெயர் கொடுத்து, திறந்தவெளிக்குப் பொருத்தம் என்று எழுதியிருக்கிறாய். அந்த அறையில் உட்கார்ந்து படித்துத்தான் இந்த வேலைக்குப் போனாய், படம் வரையும்போது அது மட்டும் உன் கண்ணில் படவில்லை. தெரியாமல் விட்டாயா தெரிந்தே விட்டாயா என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். எது என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை, அதனால் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

கடவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது என்றாயே, அதை முடித்துவிடு, தள்ளிப்போடாதே. குளிர் ஆரம்பித்திருக்கும், ஜெர்கினைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காதே. கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போது கேட்கிறேன், வேலையில் பேர் வாங்கு, அந்தப் பேரில் அடுத்தவர் சாபம் கலக்காமல் இருக்கட்டும். நிதாவுக்கு நீயே போன் செய், லியோவைச் செய்யச் சொல்லாதே.

இன்னொன்று. அன்றைக்குக் கொடுத்த மூன்று பொட்டையும் நான் எங்கேயும் ஒட்டாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவற்றோடுதான் போகிறேன். நீ திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றையும் நம் வீட்டின்மேல், உன் அறை இருக்கிற மூலையில் ஒட்டுவேன். வீடு என் பெயரில் இருக்கிறது, யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. மறுநாள் மேஸ்திரியை வரச்சொல்லி அறையையும் தூண்களையும் இடிக்கப்போகிறேன். உன் அப்பாவுக்கும் தெரியாது, நசீராவுக்கும் தெரியாது. பொங்கலுக்கு வந்தால் ஹாலில், உன் புத்தகப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் படுக்கை.

அம்மா,
சசிரேகா.