கையெழுத்து வைக்காத ஞாயிறுகள்

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனை முழுவதும் சாக்கடை மணம். அறைக்குள் ஒழுகும் இடத்தில் வாளி. ஞாயிறு மட்டும்தான் பிள்ளைகள் என்னோடு; ஒன்பது மணிக்கு அவர்களைக் கூட்டிவர வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் வதனி அதை ஞாபகத்தில் வைப்பாள்.

மழைக்கு ஒதுங்கக்கூடிய, கை கடிக்காத இடங்கள்:
ரயில், மூன்றாம் வகுப்பு.
பொது நூலகம். ஞாயிறு திறப்பார்களா? கேட்க வேண்டும்.
கொள்ளுப்பிட்டிக் கடைத்தொகுதி, நகரும் படிகள். போன மாதம் மூன்று தரம் ஏறி இறங்கியாயிற்று. காவலாளியின் முகம் மாறத் தொடங்கிவிட்டது.

ரயில்தான்.

வ. குடைக்குள், நான் கடைத் தாழ்வாரத்தில். இடையில் நாலடி. இரண்டு வருடமாகக் கதைபேச்சு இல்லை. எல்லாம் மூத்தவள் அபிரா மூலம். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

"அப்பாட்டச் சொல்லு, துளசிக்குச் சளி. குளிரா ஒண்டும் வாங்கிக் குடுக்க வேண்டாமாம்."

அம்மாவிடம் சொல்லு, எனக்குத் தெரியும் என்றேன். அபிரா நடுவில் நின்று இரண்டையும் இரண்டு பக்கமும் திருப்பிச் சொன்னாள். ஒரே மொழி பேசும் இருவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்.

பிறகு வழக்கமான கேள்வி. அந்தக் கடிதம் மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். போகும்போது வ. அபிராவின் காதருகே, "மற்றதையும் மறக்காமக் குடு" என்றாள். மற்றது எது என்று நான் கேட்கவில்லை. இன்னொரு வக்கீல் கடிதமாக இருக்கும். தானாக வரட்டும்.

கடிதம்: பிள்ளைகள் இருவரும் தாயோடு கனடாவில் நிரந்தரமாக வசிக்கத் தகப்பன் சம்மதிக்கிறான். சமாதான நீதவானுக்கு முன்னால் கையொப்பம் இட வேண்டும். இரண்டு மாதமாக என் மேசை லாச்சியில், மெழுகுதிரிப் பெட்டிக்குக் கீழே. வைக்க மாட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து மொறட்டுவை, இறங்காமல் அதே ரயிலில் திரும்ப. போகும்போது வலப்பக்கம் கடல். துளசி அலைகளை எண்ணி இருபத்தொன்பதுக்குப் பிறகு மறுபடி இருபது என்றாள். ஐந்து வயது. அபிரா புத்தகப்பையை மடியில் வைத்து சிப்பைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எதற்குப் புத்தகப்பை? சிப் உடையப் போகிறது என்று ஏசினேன். அதற்குப் பிறகு கடலைத்தான் பார்த்தாள்.

ஜூன் 10, செவ்வாய், போயா

மழை விட்டு வெயில். பௌர்ணமி விடுமுறையான போயாவும் எனக்குரியதா என்று ஒரு கிழமை தூது. கடைசியில் மூன்று மணி நேரம் கிடைத்தது.

தன்சல். போயாவுக்குத் தெருவோரம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள். இதைவிட மலிவான சுற்றுலா கிடையாது. தெமட்டகொடை வரை பஸ்ஸில் போய், வரிசையில் முக்கால் மணி நேரம். முதலில் எனக்குக் கூச்சம். பட்டதாரி, பௌதிகத்தில் இரண்டாம் வகுப்பு மேல்தரம், அரைப் புள்ளியால் முதலாம் வகுப்பு போனவன், வெறுங்கையோடு கடலைக்கு நிற்கிறேன். முன்னால் நின்ற ஒரு சிங்கள அம்மா துளசியைத் தன் பிள்ளைபோல் இழுத்து நிழலில் விட்டாள். சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு விளங்கியது, பதில் வரவில்லை. அபிரா பதில் சொன்னாள், சிங்களத்தில், சரளமாக. எப்போது படித்தாள்?

அவித்த கடலை, தேங்காய்ச்சொட்டு, மிளகாய். துளசி வாய் எரிய எரியத் தின்றாள்.

பஸ்ஸில் வரும்போது துளசி:

"அப்பா, கனடாவில ஞாயிற்றுக்கிழமை இருக்கோ?"

இருக்கும் என்றேன்.

"அப்ப நீங்கள் எப்பிடி வருவியள்?"

அபிரா அவளின் தொடையில் கிள்ளினாள். நான் கண்டும் காணாத மாதிரி வெளியே பார்த்தேன். தாய் என்ன சொல்லி வளர்க்கிறாளோ. கேள்விதான் விடவில்லை. அவர்கள் போனால் எனக்குக் கிழமைக்கு ஆறு நாள்தான்.

ஜூன் 12, வியாழன்

வேலையிடத்தில் மின்சாரம் இரண்டு தரம் போனது. மச்சானிடமிருந்து குரல் பதிவு. வதனியின் தமையன், ரொறொன்ரோ. இவர்களைக் கனடாவுக்கு எடுப்பவர், வெள்ளவத்தை வீடு வாங்கிக் கொடுத்தவர். "தம்பி, பிள்ளையளின்ரை எதிர்காலத்தை ஒருக்கா யோசியும்." நான் அவரைவிட நாலு மாதம் மூப்பு. ஓ/எல் பரீட்சையில் கணிதம் இரண்டு தரம் எடுத்தவர் என் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கணிக்கிறார். கலியாண வீட்டில் என் அப்பாவுக்குப் பந்தியில் இடம் பிடிக்காதவரும் இவர்தான். மறக்கவில்லை.

யாரும் என்னை ஏமாற்ற முடியாது. தை மாதமே பாடசாலைக்கு எழுதிவிட்டேன்: தகப்பனாகிய எனது கையொப்பம் இன்றி என் பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் பாடசாலைக்கு வெளியே அழைத்துச் செல்லவோ, எவரிடமும் ஒப்படைக்கவோ கூடாது. பதிவுத் தபால். பிரதி கோப்பில். நல்ல கடிதம். ஒரு சொல் மாற்றத் தேவையில்லை.

வாங்க வேண்டியவை: தண்ணீர்ப் போத்தல், துளசிக்குத் தொப்பி, ரொட்டிக்கு மாசிச் சம்பல்.

ஜூன் 15, ஞாயிறு

காலை வெயில். விகாரமகாதேவிப் பூங்கா. ஊஞ்சல், மீனுக்குப் பாண் துண்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டி. பதினொன்றரை வரை நல்ல நாள் என்று எழுதலாம்.

பிறகு மழை. மரத்தின் கீழ் ஓடினோம். துளசியின் தலை நனைந்துவிட்டது, சளி வேறு. துவாய் இருக்குமா என்று அபிராவின் பையைத் திறந்தேன். அவள் பாய்ந்து பறித்தாள். அதற்குள் கையில் ஒரு தாள் வந்துவிட்டது. நாலாக மடித்து, மடிப்புகள் கறுத்துப்போய்.

மூன்றாம் வகுப்பு மாணவர் களப் பயணம், தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. ஜூன் 13, வெள்ளி. தந்தையின் கையொப்பம். 'தந்தையின்' என்பதற்குக் கீழே ஆசிரியை சிவப்பில் கோடு போட்டிருந்தார். இடம் வெறுமை.

இது எப்போது தந்தது என்று கேட்டேன். போன போன கிழமையாம்.

"ஏன் எனக்குக் காட்டேல்லை?"

"நீங்கள் வைக்க மாட்டியள்தானே."

"என்னத்தை?"

"கையெழுத்து."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோல. துளசியும் தன் பங்குக்கு, "அப்பா ஒண்டுக்கும் வைக்க மாட்டார்" என்றாள், தெரிந்த பாடத்தை ஒப்புவிக்கும் பெருமையோடு.

ரயிலில் சிப்பைத் திறந்து பூட்டியது இதற்குத்தான். தன்சல் வரிசையிலும் பை தோளில் இருந்தது.

வெள்ளிக்கிழமை என்ன செய்தாய் என்றேன். பஸ் போனபின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருத்தினார்களாம். ஒரு யானைப் படம் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னார்களாம்.

மழை விடவில்லை. ரொட்டி மிச்சம்.

ஜூன் 16, திங்கள்

குற்றவாளிகள், வரிசையாக:
1. ஆசிரியை. ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க முடியாதா?
2. அதிபர்.
3. வ. 'மற்றது' என்று தெரிந்துகொண்டே தூது அனுப்பினாள். கையெழுத்து நீதானே வைக்க வேண்டும் என்றாய், வை பார்ப்போம் என்று. எனக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கலாம்.
4. மச்சான். காரணம் யோசிக்க வேண்டும்.

கோப்பை எடுத்துத் தை மாதக் கடிதத்தின் பிரதியை வாசித்தேன். எக்காரணம் கொண்டும். நல்ல தமிழ். ஆசிரியை அதை எழுத்துக்கு எழுத்து மதித்திருக்கிறார். நான்தான் அப்படிக் கேட்டேன்.

வ. எனக்கு அடித்திருந்தால் நான் எடுத்திருப்பேனா? அவளின் இலக்கம் என் தொலைபேசியில் ஒலிப்பதில்லை. நான்தான் அப்படி வைத்திருக்கிறேன்.

ஐந்தாவதை எழுதாமல் விடுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

கீழே இரும்புக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஃபாரூக் நானா வாடகைக்காரன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். என்ன சேர், புள்ளயளுக்கு வருத்தமா என்று கேட்டார். சொல்லக் கூடாது என்று நினைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி அளந்துகொண்டே கேட்டார். இடையில் ஒரு ஆளுக்கு ஆணி நிறுத்துக் கொடுத்தார்.

"சேர், நீங்க படிச்ச ஆள். நான் எட்டாம் வகுப்பு. ஒண்டு செல்றன், கோவிக்க வேணாம். ரெண்டு பேருமாச் சேந்து அந்தப் புள்ளயத் தபால்காரனாக்கி வெச்சீக்கிறீங்க. தபால்காரனுக்காவது சம்பளம் ஈக்கிது."

கோபித்துக்கொண்டேன். மேலே வந்துவிட்டேன். அவருடைய குடை இன்னும் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மப்பு வானம். மழையில்லை. மிருகக்காட்சிச்சாலை. அதே இடத்துக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்று ஒரு கிழமையாக நம்பிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு திரும்பினால், அபிரா மதிலோரம் குந்தி, பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் ஆட்கள் முட்டினார்கள். வா, உள்ளே போகலாம் என்றேன்.

"பொறுங்கோ. இன்னும் ரெண்டு வரி."

கிழித்துத் தந்தாள். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தாள். 'எனது மகள் அபிரா மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்வதற்கு நான் அனுமதி அளிக்கிறேன். தந்தையின் கையொப்பம்.' கீழே புள்ளிக்கோடு. 'தந்தையின்' என்பதற்குக் கீழே சிவப்புக் கோடும் போட்டிருந்தாள். ஒரு பிழை இல்லை. இந்த நடை என்னுடையது.

யாருக்கு இது என்று கேட்டேன்.

"ரீச்சருக்கு. நீங்கள் வைப்பியள் எண்டு காட்ட."

மதிலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சுவர் சொரசொரப்பு, பேனா ஓட்டை போட்டது. இருபது வருடம் போட்ட கையெழுத்து என்னுடையதுபோல் இல்லை. துளசி தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழத் தொடங்கினாள். அபிரா அவளுக்கும் எழுதினாள், நான் அதற்கும் வைத்தேன். அபிரா இரண்டையும் மடிக்காமல் கொப்பிக்குள் நேராக வைத்தாள். அவளின் பேனா என் சட்டைப்பையில் தங்கிவிட்டது.

உள்ளே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் நாக்குக் கறுப்பாம். குரங்கு ஒன்று ஒரு பிள்ளையின் தொப்பியைப் பறித்ததாம். இந்த இடத்தில் நின்றுதான் எல்லாரும் படம் எடுத்தார்களாம். நீயும் நில், எடுக்கிறேன் என்றேன். நின்றாள். படத்தில் அவளின் இரு பக்கமும் இன்னும் பத்துப் பிள்ளை நிற்கலாம்.

யானையைப் பார்க்கத் துளசியைத் தோளில் தூக்கினேன். அபிரா திரும்பி நின்றாள். யானை நான் நிறம் தீட்டிவிட்டேன் என்றாள்.

ஜூன் 23, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

லாச்சியிலிருந்து கடிதத்தை எடுத்தேன். கிழிக்கலாம். கிழித்தால் வழக்கு, வருடக்கணக்கு, அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் நடுவில் அபிரா. வைத்தால் அவர்கள் போவார்கள். போன பிள்ளை தொலைபேசியில் எத்தனை மாதம் வரும்? முதலில் தினமும். பிறகு பிறந்தநாளுக்கு. துளசி தமிழை விடுவாள். மச்சான் அவர்களைப் பனியில் கூட்டிப் போவார், நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுப்பார், நான் மூன்றாம் வகுப்பு ரயிலில் கூட்டிப் போனவன். அதுவும் மறக்கும்.

வைக்காமல் இருக்க எனக்கு நியாயம் இருக்கிறது. பத்துப் பக்கம் எழுதலாம். அந்தப் பத்துப் பக்கத்தையும் கொண்டுபோய் வாசிப்பவள் அபிரா.

சாப்பிடவில்லை. குடையைக் கீழே கொடுத்தேன். நானா அதை வாங்கி ஆணியில் மாட்டினார்.

ஜூன் 25, புதன்

வெயில். சமாதான நீதவான் ஓய்வுபெற்ற அதிபர், இரண்டு தெரு தள்ளி வீடு. கட்டிலில் உலரப்போட்ட மிளகாயை நகர்த்தி இடம் தந்தார். வாசித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். விளங்கித்தானே வைக்கிறீர் என்று கேட்டார். ஓம் என்றேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஊதா மை, மூடியில் முயல். ஊதா செல்லாது தம்பி என்று தன்னுடையதைத் தந்தார். இவர் தம்பி என்றதற்குக் கோபம் வரவில்லை.

வைத்தேன். முத்திரை குத்தினார். முடிய ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

தூறல். வெள்ளவத்தைச் சந்தை, ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்னால்.

வ. வழக்கம்போல் நாலடி தள்ளி. கடித உறையை அபிராவிடம் நீட்டினேன். அம்மாட்டக் குடு.

அபிரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே குடுங்கோ. நான் இனி ஒருத்தருக்கும் கடுதாசி கொண்டுபோகேல்லை."

மரக்கறிக்காரன் பார்த்தான். துளசி பார்த்தாள். நாலடி நடந்தேன். கிட்டப் பார்த்தால் வ.வுக்கு முன்மயிர் நரைத்துவிட்டது. உறையைப் பிரித்து நின்ற நிலையிலேயே வாசித்தாள். முத்திரையைத் தடவினாள். அபிராவைத் தேடித் திரும்பினாள், ஏதோ சொல்லிவிட. அவள் துளசியை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் என்னிடம்:

"ஓகஸ்ட் முடிய, நாங்கள் போற மாதிரி வரும்."

இரண்டு வருடத்தில் என்னிடம் சொன்ன முதல் வசனம். சரி என்றேன்.

இன்று நூலகம். ஞாயிறு திறந்திருக்கிறது.

இருப்பவை: ஒன்பது ஞாயிறு.
இடங்கள்: முகத்துவாரம் கடற்கரை. காலிமுகத்திடல், பட்டம். ரயில், இன்னொருமுறை, இந்தமுறை பையைப் பற்றி ஏசாமல். நூதனசாலை. கொட்டாஞ்சேனையில் என் அறை, இதுவரை காட்டியதில்லை, ஒழுக்கை அடைக்க வேண்டும்.
போயா இரண்டு வருகிறது. அவற்றையும் கேட்கலாம். நேரே கேட்க வேண்டும்.