பேச்சி வேஷம்

ஜூன் 18, புதன்

சீரியல் கம்பெனிக்காரர்கள் தைக்கக் கொடுத்த பச்சைத் துணியை வெட்டாமலே உட்கார்ந்திருக்கிறேன். கதையில் வருகிற முஸ்லிம் அம்மாவுக்கு உடுப்பாம். கை முழுக்கத் தங்க ஜரிகை, தலைக்கு மினுமினுக்கிற முக்காடு. வெங்காயம் உரிக்கிற காட்சிக்குத்தான் இத்தனையும்.

"எங்க வீடுகள்ல கல்யாணத்துக்குக்கூட இப்படி உடுத்த மாட்டோமே" என்றேன்.

துணி கொண்டுவந்த தம்பி சிரித்தான். "பாக்குறவங்களுக்குப் பார்த்ததும் தெரியணும்லக்கா."

அவன் எதிரில்தானே நிற்கிறேன், நஸ்ரின் பானு. என்னைப் பார்த்தால் தெரியவில்லையா?

ஜூன் 20, வெள்ளி

தைத்த உடுப்புக்கு அளவு சரிபார்க்க ஷூட்டிங் நடக்கிற வீட்டுக்குப் போனேன். சென்னையிலிருந்து வந்த நடிகை அந்தப் பச்சையில் நின்று, "நிம்பள் சொன்னா நம்பள் கேக்கும்" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டைரக்டர் கூப்பிட்டுக் கேட்டார். பிறந்தது கடையநல்லூர், வாழ்க்கைப்பட்டது சங்கரன்கோவில், எங்களுக்குக் காலங்காலமாகத் தமிழ்தான், உருதுவில் ஒரு வார்த்தை பேச வராது என்று சொன்னேன்.

"வீட்டுக்காரர் துபாயா?"

"இல்ல சார், இங்கன பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான். மோட்டார் காயில் கட்டுதாரு."

அவர் முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க பேசுறது அப்படியே கிராமத்துப் பொம்பளை மாதிரி இருக்கே. பேச்சின்னு ஒரு கேரக்டர். பக்கத்து வீட்டுக்காரி, வாயாடி. நடிக்கிறீங்களா?" என்றார்.

முஸ்லிம் அம்மாவாக நடிக்கச் சென்னை நடிகை. இந்துப் பொம்பளையாக நடிக்க நான். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். நான் யார் மாதிரி இருக்கிறேன்?

ஜூன் 21, சனி

வீட்டுக்காரர் அப்சல் சம்மதித்துவிட்டார். "நடிப்புதானட்டி" என்கிறார். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நடித்துவிட்டேன்!

பொட்டும் கண்டாங்கியுமாக நிறுத்தியதும் கைகால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பிறகு பக்கத்து வீட்டு ஆவுடையக்காவை நினைத்துக்கொண்டேன். குருவிகுளம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழக்கம். கோபம் வந்தால் முந்தானையை உதறி இடுப்பில் செருகுவாள், தாடையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டுவாள், "போதும் தாயீ" என்று திரும்பிக்கொள்வாள். அதை அப்படியே செய்தேன்.

காட்சி இதுதான்: முஸ்லிம் அம்மா குடத்தோடு வருகிறாள். பேச்சி வாசலை மறித்து, "ஒன் வீட்டுத் தண்ணி எங்க நடையேறக் கூடாது" என்கிறாள். எங்கள் தெருவில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் சார் என்றேன். ஆவுடையக்கா குடம் பிடிப்பதே எங்கள் வீட்டுக் குழாயில்தான். "பிரச்சினை இருந்தாத்தானம்மா கதை? பேச்சி பின்னாடி திருந்திருவா" என்றார் டைரக்டர்.

சொன்னேன். ஒரே டேக். எல்லாரும் கை தட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்களைத் தள்ளிவைக்கிற வார்த்தையை நானே இவ்வளவு ஜோராகச் சொல்கிறேனே, அது எங்கிருந்து வந்தது?

ஜூலை 14, திங்கள்

டிவியில் வந்தேன். தெருவே பார்த்தது.

கடையநல்லூரிலிருந்து உம்மா போன். "பொட்டு வச்சது போகட்டும்ட்டி. நம்மளப் பத்தின அந்த வார்த்தைய ஒன் வாயாலயா சொல்லணும்?"

டீக்கடை சுடலைமணி அண்ணாச்சி அப்சலிடம், "ஒன் வீட்டம்மா ஆவுடைய அப்படியே உரிச்சு வச்சிட்டாவளே வே" என்றாராம். இவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். நான் எட்டி ஆவுடையக்கா வீட்டு வாசலைப் பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

இன்று எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது. ஆவுடையக்கா வரவில்லை. தெருக்கோடிக் குழாய்க்குப் போயிருக்கிறாள். நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, முந்தானைய சொருகுனது நான். தாடைய வெட்டுனது நான். அந்த வார்த்தை மட்டும் யாருது? ஒங்க வீட்டுத் தண்ணியிலதான என் பிள்ளைகளுக்கு உலை வச்சேன். என்னைக்காவது அப்படி நெனச்சிருப்பனா? இப்ப தெருவுல எல்லாவனும் என்னையத்தான பாக்கான்!"

"நான் எழுதலக்கா. அவங்க சொல்லச் சொன்னதத்தான்..."

"அவங்களுக்கு என்னையத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?"

வந்து அழுதேன். எங்க ஆளுகள இப்படிக் காட்டுதானேன்னு அந்தப் பச்சைத் துணியப் பாத்துப் பாத்துப் பொருமுனேன். அவ ஆளுகள நான் எப்படிக் காட்டுதேன்னு ஏன் தோணல? இல்ல, தோணிச்சு, கைதட்டல்ல மறந்துட்டனோ? தெரியல. ஒண்ணுமே தெரியல.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் அவள் பேசவில்லை.

ஜூலை 26, சனி

டைரக்டர் போன் செய்தார். பேச்சிக்கு நல்ல பேராம். இனி அடிக்கடி வருவாளாம். அடுத்தது அரிவாளோடு முஸ்லிம் அம்மா வாசலில் போய் நிற்க வேண்டுமாம்.

"பேச்சி எப்ப சார் திருந்துவா?"

"அதுக்கு இன்னும் நாளிருக்கும்மா."

அந்த வீட்டில் பேச்சி ஒரு வாய் தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு காட்சி வையுங்கள், வருகிறேன் என்றேன். சிரித்தார். "ஜனங்களுக்கு அவ கோவம்தாம்மா பிடிச்சிருக்கு."

வரலை சார் என்று வைத்துவிட்டேன். எனக்கு நடிக்க ஆசையாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருப்பானேன். நான் போகாவிட்டால் வேறு யாராவது அந்த அரிவாளைத் தூக்கப் போகிறாள். அப்புறம் நான் போகாததில் யாருக்கு என்ன லாபம்? இவரிடம் கேட்டேன். "எனக்கு மோட்டார்தான் தெரியும்" என்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சீரியல் நேரத்துக்கு ஆவுடையக்கா வாசலில் நின்றாள். "எங்க டிவிக்கு ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில் உட்காராமல் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

தொடங்கும்போதே எழுத்துப் போட்டார்கள். "பேச்சி கதாபாத்திரத்தில் இவருக்குப் பதில் இனி இவர்." என் படம், பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பெண். ஆவுடையக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விலகியது அதுவரை அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை.

புதுப் பேச்சி அரிவாளோடு வந்தாள். முந்தானையை உதறினாள். செருகத் தெரியாமல் அது நழுவிக் கீழே விழுந்தது. கண்ணை உருட்டிக் கத்தினாள். அந்தப் பக்கம் நம் பச்சை அம்மா, "நிம்பள் கோவம் வேணாம்" என்று அழுதாள்.

ஆவுடையக்கா டிவியைக் கை காட்டினாள்.

"யாருட்டி இவளுக ரெண்டு பேரும்? நம்ம மாதிரியே இல்லையே." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயே போயிருக்கலாம்" என்றாள்.

இவளுக்குக் கோபம் போய்விட்டதா, புதுக் கோபம் வந்திருக்கிறதா? ஒன்றும் விளங்கவில்லை. விளம்பரம் போட்டதும் எழுந்து டீ போடப் போனேன்.

"சீனியக் கொறச்சுப் போடுட்டி" என்று அவள் குரல் பின்னாலேயே வந்தது.