ஆணியில் மாட்டிய சங்கிலி

அனுப்புநர்
பொ. வேடியப்பன், எம்.எஸ்சி., பி.எட்.,
இயற்பியல் ஆசிரியர்,
வாழவந்தி, ஏற்காடு வட்டம்,
சேலம் மாவட்டம்.

பெறுநர்
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
சேலம்.

பொருள்: குப்பனூர் சாலையில் 28.01.2025 அன்று டிராக்டரிலிருந்து டிரெய்லர் கழன்று ஓட்டுநர் பொ. சின்னராஜ் இறந்தது – அவர் மீது எழுதப்பட்ட கவனக்குறைவுப் பழியை நீக்கவும், மலைச்சாலை டிரெய்லர்களுக்குத் தகுந்த பாதுகாப்புச் சங்கிலி பொருத்த உத்தரவிடவும் கோருவது.

பார்வை: 24.02.2025 அன்று எனக்குத் தரப்பட்ட விசாரணை அறிக்கையின் நகல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இறந்த சின்னராஜ் என் உடன்பிறந்த தம்பி. வயது நாற்பத்தொன்று. காட்டுமல்லி எஸ்டேட்டில் பதினாறு ஆண்டுகள் டிராக்டர் ஓட்டினார். தங்கள் அலுவலகக் கோப்புகளில் என் பெயர் ஏற்கெனவே இருக்கும். எங்கள் காப்பித் தோட்டம் பாகம் பிரிந்தபோது ஊற்று அவர் பக்கம் போனது குறித்து நான்கு மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். நான்கும் அவருக்கு எதிரானவை. நான்கிற்கும் பதில் வரவில்லை. அவருக்காக நான் எழுதும் முதல் மனு இது. இதற்காவது பதில் வர வேண்டும்.

2. அன்று காலை ஏழு மணிக்கு, குப்பனூரிலிருந்து அறுபது உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டிராக்டர் மேலே வந்தது. மூட்டைகளின் மேல் காப்பிப் பழம் பறிக்க வரும் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஏறும்போது, டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஆணி முறிந்தது. டிரெய்லரின் மூக்கு, அதாவது ஆணி மாட்டும் முன்கம்பி, தரையில் விழுந்து, தார்ச்சாலையை உழுதபடி டிரெய்லர் பின்னோக்கி நகரத் தொடங்கியது. பின்னால் தடுப்புச் சுவர் இல்லை. நூறடிப் பள்ளம்தான்.

3. அறிக்கை மூன்று செய்திகளைச் சொல்கிறது. ஓட்டுநர் வண்டியை விட்டு அலட்சியமாக இறங்கினார். அவர் மாட்டியிருந்த தரமற்ற சங்கிலி அறுந்தது. யாரிடமும் விசாரிக்காமல் அதை அவராகவே வாங்கினார். மூன்றும் தவறு. இவற்றுடன் அவர் பெயரையும் "சின்னராசு" என்று எழுதியிருக்கிறார்கள்.

4. அவர் ஏன் இறங்கினார் என்பதை, மூட்டைகளின் மேல் இருந்த சென்னம்மாள் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்: "கை பிரேக்கைப் புடிச்சு இழுத்துப்போட்டு, 'குதிங்க அக்கா, எல்லாரும் குதிங்க'ன்னு கத்திக்கிட்டே கல்லத் தூக்கிட்டுப் பின்னால ஓடுனானுங்க. எங்கள விட்டுப்போட்டு டிராக்டர்லயே உக்காந்திருந்தான்னா இன்னிக்கு அவன் ஊட்ல இருந்திருப்பானுங்க." சக்கரத்தின் அடியில் அவர் கல்லைக் கொடுத்தார். சக்கரம் கல்லின் மேல் ஏறி அவர் மேல் இறங்கியது. அதன் பிறகு டிரெய்லர் நின்றது. கல்லால் நிற்கவில்லை, ஐயா. ஆறு பெண்களும் இறங்கி நடந்து போனார்கள். இவர்களில் ஒருவரிடமும் வாக்குமூலம் வாங்கப்படவில்லை.

5. சங்கிலி அறுபடவே இல்லை. ஒரு கண்ணிகூட விரியவில்லை. விபத்தன்று நானே போய்ப் பார்த்தேன். அதன் கொக்கியில் முறிந்த ஆணியின் தலைப்பகுதி மாட்டியபடியே இருந்தது. எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. டிரெய்லரைக் கழற்றிவிடும் இடங்களில் ஆணி காப்பிச் செடிகளுக்குள் விழுந்து தொலைந்துவிடுகிறது என்று, சங்கிலியின் கொக்கியை அந்த ஆணியிலேயே மாட்டி வைப்பார்கள். ஆணி தொலையாது. ஆனால் ஆணி முறிந்தால் சங்கிலி பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எல்லா எஸ்டேட்டிலும் இப்படித்தான். சங்கிலி இருக்கிறதா என்று பார்த்தவர்கள் உண்டு. அது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தவர் இல்லை.

6. கடந்த டிசம்பரில் எஸ்டேட் களத்தில் ஆணி ஒருமுறை எகிறி விழுந்தது. நல்ல சங்கிலி வேண்டும் என்று சின்னராஜ், எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் தங்கராஜிடம் கேட்டார். "உன்ற டிரெய்லர் என்ன மாடா, அத்துக்கிட்டு ஓடறதுக்கு?" என்று தங்கராஜ் கேட்டதாகவும், களத்தில் நின்ற எல்லோரும் சிரித்ததாகவும், தானும் சிரித்ததாகவும் சென்னம்மாள் அழுதபடி சொன்னார். அதன் பின்னரே சின்னராஜ் தன் கைக்காசில் வாங்கினார். கடையில் கொடுத்தது வெளிக்கேட்டைப் பூட்டும் சங்கிலி. பார்வைக்கு மட்டும் தடிமன்.

7. யாரிடமும் விசாரிக்கவில்லை என்பது அறிக்கையில் உள்ள பெரிய பொய். அவர் விசாரித்தார். என்னிடம் விசாரித்தார். ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பதால் 09.01.2025 மதியம் தன் மனைவி மேனகாவைப் பள்ளிக்கு அனுப்பினார். "மாமா, டிரெய்லருக்கு எந்தச் சங்கிலி வாங்கறதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. அண்ணன் படிச்சவரு, சரியாச் சொல்லுவாருன்னாருங்க" என்று சொல்லி மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். கடைக்காரனையே கேட்டுக்கொள்ளச் சொல் என்றேன். காகிதத்தைப் பிரிக்காமல் என் பாடக்குறிப்பு நோட்டுக்குள் செருகினேன். மேனகா "சரிங்க மாமா" என்று போனார். அந்த வாரம் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த பாடம், சாய்தளத்தில் நழுவும் பொருளின் இயக்கம். சின்னராஜின் மகள் இளவரசி அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள். "உங்கப்பன் தூக்கக் கலக்கத்துல ஓட்டுனான்" என்று இப்போது பிள்ளைகள் அவளிடம் சொல்கிறார்கள். அலட்சியம் என்று அறிக்கை எழுதினால் ஊர் இப்படித்தானே பேசும்.

8. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியவை: சங்கிலி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். மூக்கின் அடியில் இரண்டும் குறுக்கே போக வேண்டும். மூக்கு கழன்றாலும் தரையில் விழாமல் அவை தாங்கும். ஒவ்வொன்றும் தனியாகவே முழுப் பாரத்தையும் தாங்குவதாக, தாங்கும் எடை அச்சிட்டதாக இருக்க வேண்டும். கொக்கிக்கு எகிறாத தாழ் வேண்டும். வளைவில் திரும்ப இடம் விட்டு, தரையில் இழுபடாத நீளம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கிலியை ஆணியில் அல்ல, டிராக்டரின் சட்டத்தில் தனி வளையம் வைத்து மாட்ட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

9. அதே டிரெய்லர் புது ஆணியுடன் மார்ச் முதல் வாரத்திலிருந்து மீண்டும் ஓடுகிறது. சங்கிலி பழையபடி ஆணியில் தொங்குகிறது. மூட்டைகளின் மேல் பெண்கள் உட்கார்ந்து வருகிறார்கள். செம்மநத்தம் பக்கமும் இதே நிலைதான்.

ஆகவே, ஆறு பெண்களிடமும் வாக்குமூலம் பெற்று, சின்னராஜ் அலட்சியமாக இறங்கியவர் அல்ல, ஆறு பேரைக் காக்க இறங்கியவர் என்று அறிக்கையைத் திருத்தித் தர வேண்டுகிறேன். எட்டாம் பத்தியில் கண்டபடி சங்கிலி பொருத்தாத எந்த டிரெய்லரும் இந்த மலையில் ஏறவோ, அதில் ஆட்கள் ஏறவோ கூடாது என உத்தரவிட வேண்டுகிறேன். விசாரணையில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். கேட்கப்பட்டும் பதில் சொல்லாதவன் என்று எழுதிக்கொள்ளலாம். நான் மறுக்க மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் மேனகா கொடுத்த அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். பென்சிலில் டிராக்டரும் டிரெய்லரும் வரைந்து, பாரம் மூன்று டன் என்று குறித்து, கீழே மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மூன்றாவது: "சங்கிலியை ஆணியிலேயே மாட்டினால் போதுமா அண்ணா?"

போதாது. இந்தப் பதிலைக் கோப்பில் பதிந்துகொள்ள வேண்டுகிறேன்.

இடம்: வாழவந்தி
நாள்: 17.03.2025

இப்படிக்கு,
பொ. வேடியப்பன்

இணைப்பு:
1. விசாரணை அறிக்கையின் நகல்.
2. சென்னம்மாள் உள்ளிட்ட ஆறு பேரின் கையொப்பமும் கைரேகையும் இட்ட கடிதம்.
3. சின்னராஜ் எழுதிய காகிதம், அசல். நகல் எடுத்துக்கொண்டு இதைத் திருப்பித் தந்துவிட வேண்டுகிறேன். அவர் எனக்கு எழுதியது வேறு எதுவும் என்னிடம் இல்லை.