வலது கையின் சத்தம்

யூன் 17, செவ்வாய்

எழும்பியதும் முதல் வேலை, இவருடைய வலது முன்கையைச் சவரம் செய்தது. மயிர் இருந்தால் பட்டை ஒட்டாது. நேற்றைய பட்டையில் வியர்வை, பசை, நாலைந்து மயிர். வெளியே கடல்காற்று, தூறல். கொடியில் இவருடைய சாரம் இன்னும் காயவில்லை.

பிசியோ செய்யும் பிள்ளை ஃபாஸ்லா வந்தாள். அவள் தந்துவிட்டுப் போயிருக்கும் ஈ.எம்.ஜி. பெட்டி, சவர்க்காரக்கட்டி அளவு. கையில் ஒட்டிய பட்டை வழியாகத் தசையின் மின்சாரத்தைப் பிடிக்கும். மணிக்கட்டை நிமிர்த்தினால் கீச்சென்று கத்தும். இன்று கத்தவே இல்லை.

"போன கெழம நல்லா சிக்னல் வந்த தானே, அங்கிள்? இப்ப ஒண்டுமே இல்லியே."

"நான் என்ன செய்ய, பிள்ளை. செத்த கை."

போன கிழமைதான், வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். இப்போதுதான் இரண்டையும் சேர்த்து யோசிக்கிறேன்.

யூன் 18, புதன்

காலை இடியப்பம், ஊட்டினேன். மதியம் சோறு, ஊட்டினேன். இரவு புட்டு, அதுவும். பாரிசவாதம் வந்த பிறகு தடியோடு நடக்கிறார், கழிவறைக்குத் தனியே போகிறார். சாப்பாடு மட்டும் என் கையால்தான். இடக்கையில் கரண்டி கொடுத்துப் பார்த்தேன்.

"சீ! கழுவுற கையால சாப்பிடச் சொல்லுறீரோ?"

மீன்முள் எடுத்த என் விரலில் இவர் எச்சில்.

பொரளையில் இருந்து அலுவலகத்து அதிகாரி போனில், சிங்களத்தில். "வாணி, சந்துதா எனவா நேத?" திங்கள் வருவேன்தானே என்று. லீவு முடிகிறது. மொழிபெயர்க்க வேண்டிய கோப்புகள் என் மேசையில் குவிந்து கிடக்கின்றனவாம். மழுப்பினேன்.

இவர் கட்டிலில் இருந்து: "ராஜினாமா எழுதிட்டீரோ?"

யூன் 20, வெள்ளி

பயிற்சி முடிந்து பெட்டியை நிறுத்த, பட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். குளியலறையில் விரிப்பு தோய்த்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடியதும், கீச். பிறகு கறுமுறு. கீச். கறுமுறு. பெட்டி பழுதாக்கும் என்று ஈரக்கையோடு எட்டிப் பார்த்தேன்.

மடியில் மொறுமொறு பருத்தித்துறை வடை டின். வலது கை உள்ளே போகிறது. மெதுவாக, நடுங்கி நடுங்கி, ஆனால் போகிறது. ஒரு வடை. வாய்க்கு. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தார் போல.

என்னைக் கண்டதும் கை தொப்பென்று விழுந்தது.

"என்ன பாக்கிறீர்?"

"பெட்டி சத்தம் போட்டது."

"அது சும்மா கத்துது. பழுது. ஃபாஸ்லாவிட்டச் சொல்லும்."

கிட்டப் போய் வாயோரத்துத் தூளைத் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன்? அருவருப்பு. இவர் மேல். தானாக நீண்ட என் கை மேல் இன்னும் கூட.

இரவும் ஊட்டினேன். குருவிக்குஞ்சு போல வாயைத் திறந்தார்.

தனியே இருக்கப் பயமாக இருக்கலாம். பயம் என்று சொல்லியிருக்கலாமே. அதற்கும் கூட இருந்திருப்பேனே.

யூன் 21, சனி

கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். மச்சாள் டொரன்டோவில் இருந்து, ஸ்பீக்கரில். குசினிக்குக் கேட்காது என்ற நினைப்பு இருவருக்கும்.

"அவள் வேலைக்குப் போனா ஆரடா தம்பி உனக்குச் சோறு தீத்துறது?"

"போக மாட்டாள் அக்கா. கை இப்பிடியே கிடந்தா என்னெண்டு போறது?"

"கெட்டிக்காரன்தான் நீ."

சிரிப்பு, அங்கும் இங்கும். கணவாய் மணம் இன்னும் விரலில். மூன்று தரம் சவர்க்காரம் போட்டாயிற்று.

யூன் 22, ஞாயிறு

மழை விட்டது. சாரம் காய்ந்தது.

மேல்மாடி அன்ரி படியில் மறித்து, "நீர் தெய்வம், பிள்ளை" என்றார். தெய்வத்தின் விரலில் கணவாய் மணம். நாளை பகல் வீட்டில் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டேன். இருப்பாராம்.

நீலச் சேலையை அயன் பண்ணினேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரின்ர கலியாணம்?"

"சும்மா. மடிப்புக் கலைஞ்சு கிடந்தது."

ராஜினாமா எழுதவில்லை. எழுதப்போவதில்லை. யாருக்கும் சொல்லவில்லை. அதிகாரிக்கும்கூட. நாளை விடிய, சவரம் செய்து பட்டையை ஒட்டுவேன். பெட்டியை ஒன் பண்ணிவிடுவேன். சோறும் மீன்குழம்பும் மூடி, இவருடைய வலப்பக்கத்தில். பிறகு காலி வீதிக்கு இறங்கி, பொரளைக்கு பஸ்.

மீனில் முள் எடுத்து வைப்பேன். கரண்டி வைக்க மாட்டேன்.